விலை கொடுத்து வாங்க முடியாத சைக்கிள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு சைக்கிளின் விலையிலிருந்து இந்த உரையைத் தொடங்க விரும்புகிறேன். போக்கிமான் என்னும் வீடியோ கேமின் முதல் பதிப்பில், செருலியன் என்ற ஊரில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அங்கே ஒரு சைக்கிளின் விலை சரியாகப் பத்து லட்சம். விளையாடுகிறவரின் பணப்பையோ 9,99,999-க்கு மேல் ஏற்காதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்தாலும் கடைசி ஒன்று குறையும். தெற்கே உள்ள துறைமுக ஊரில், போக்கிமான் ரசிகர் மன்றத்தின் தலைவராக வீற்றிருக்கும் ஒரு பெரியவர், தாம் வளர்க்கும் தீப்பிடரிக் குதிரையின் அருமை பெருமைகளை விடாமல் பேசுவார். அதை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தால், இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி என்று சொல்லி, சைக்கிளை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் சீட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்தச் சைக்கிளை அடைய வேறு வழி இல்லை.

ஒரு முதியவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதற்குப் பத்து லட்சம் பெறுமானம் உண்டு என்று ஒரு விளையாட்டில் எழுதிவைத்தவர்களின் மனத்தைப் பற்றி நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இந்த உரை அந்த மனத்தைப் பற்றியதுதான்.

போக்கிமான் சிவப்பு, போக்கிமான் பச்சை என்ற இரண்டு பதிப்புகள் 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தன. அவை ஓடிய கருவி நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய். அது 1989-இல் வந்த கருவி. நான்கு பேட்டரிகளில் இயங்குவது. பச்சை கலந்த சாம்பல் நிறத்தின் நான்கு சாயல்களைத் தவிர வேறு நிறம் காட்டத் தெரியாதது. அதன் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணிய நேரத்தில் இந்த விளையாட்டு வந்தது. அதே கதையின் சிவப்பு, நீலப் பதிப்புகள் 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இந்த முதல் தலைமுறைப் பதிப்புகள் உலகெங்கும் மூன்று கோடிக்கும் மேல் விற்றன.

இதை விளையாடியிராத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிறுவன் தன் சிற்றூரை விட்டுப் புறப்படுகிறான். பேராசிரியர் ஒருவர், போக்கிமான் என்னும் விந்தை உயிர்களின் வெவ்வேறு வகைகளைப் பற்றிய குறிப்பேட்டை நிரப்பும் பணியை அவனிடம் ஒப்படைக்கிறார். உயரமான புல்லுக்குள் நடந்தால் ஏதாவது ஒரு விந்தை உயிர் எதிரே வரும். தன்னிடம் உள்ளதைக் கொண்டு அதைக் களைக்கச் செய்து, ஒரு பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஆறு உயிர்களை மட்டுமே உடன் அழைத்துச் செல்லலாம். எட்டு ஊர்களில் உள்ள எட்டு பயிற்சிக்கூடத் தலைவர்களை வென்று பதக்கங்கள் பெற்று, முடிவில் மிகச் சிறந்த நால்வரையும், அவர்களுக்குப் பின் நிற்கும் தன் சிறுவயதுப் போட்டியாளனையும் சந்திக்க வேண்டும். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

இந்த எண்ணம் பிறந்த இடம் டோக்கியோவின் புறநகரான மச்சிடா. இதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி 1965-இல் பிறந்தவர். அங்கே குளங்களும் வயல்களும் மரங்களும் இருந்த நாளில் வளர்ந்தவர். பூச்சி பிடிப்பதில் அவருக்கு இருந்த தீராத ஆசையால் கூடப் படித்த பிள்ளைகள் அவரைப் பூச்சி டாக்டர் என்றே அழைத்தார்கள். நம் ஊரில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து இலை போட்டு வளர்த்தவர்களுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. அவர் வளர வளர, குளங்கள் தூர்க்கப்பட்டன, மரங்கள் போய்க் கட்டடங்கள் வந்தன, பூச்சிகள் மறைந்தன. வந்த கட்டடங்களில் வீடியோ கேம் கூடங்களும் இருந்தன. தஜிரியின் ஆர்வம் அவற்றின் பக்கம் திரும்பியது. 1983-இல் கேம் ஃப்ரீக் என்ற பெயரில் கையால் எழுதிய ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். ஓவியர் கென் சுகிமோரி அந்த இதழின் வழியாகவே அவருடன் சேர்ந்தார். 1989-இல் அதே பெயரில் ஒரு நிறுவனம் உருவாயிற்று.

ஆகவே, கதையில் சிறுவன் நுழையும் முதல் காடு பூச்சிகள் நிறைந்த காடாக இருப்பதும், அங்கே அவனை எதிர்கொள்கிறவர்கள் வலை ஏந்திய பூச்சி பிடிக்கும் சிறுவர்களாக இருப்பதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காட்டர்பி என்னும் கம்பளிப்புழு போர்களில் வென்று வளர்ந்து ஏழாம் நிலையை எட்டியதும் கூட்டுப்புழுவாகிறது; பத்தாம் நிலையில் பட்டாம்பூச்சியாகிறது. கூட்டுப்புழுவாக இருக்கும்போது அது தன் தோலை இறுக்கிக்கொள்வதைத் தவிர வேறு எதையும் புதிதாகக் கற்பதில்லை. விளையாடும் பிள்ளை அதைக் காத்து, பொறுத்து, அடுத்த மூன்று நிலைகளைக் கடக்கச் செய்ய வேண்டும். பூச்சியைப் பெட்டியில் வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால்தான் இதை இப்படி எழுத முடியும்.

கதையின் இலேசான தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகத்தை அழிவிலிருந்து காப்பாற்றுவதும், அரக்கனை வீழ்த்துவதும், ஆட்சியை மீட்பதும் அந்தக் காலத்துக் கதை விளையாட்டுகளில் வழக்கமான பணிகள். இங்கே அவற்றில் எதுவும் இல்லை. பேராசிரியருக்குத் தம் சொந்தப் பேரனின் பெயரே நினைவில் இல்லை; அதை நம்மிடம் கேட்கிறார். பிள்ளைகள் ஒருநாள் வீட்டை விட்டுப் புறப்படத்தான் செய்வார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னதாகத் தாய் சொல்கிறாள். வருத்தத்தை அதற்கு மேல் காட்டிக்கொள்வதில்லை. பெரிய கப்பலின் தலைவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டலில் தவிக்கும் அவருடைய முதுகை நீவிவிட்டால், மரத்தை வெட்டும் வித்தையைக் கொடுக்கிறார். காட்டு விலங்குப் பூங்காவின் காவலர் தம் தங்கப் பல்செட்டைத் தொலைத்துவிட்டதால் அவர் பேசுவது எதுவும் விளங்குவதில்லை. பல்லைத் தேடிக் கொடுத்த பிறகுதான் பேச்சுத் தெளிகிறது. நகரத்து வாயிலில் நிற்கும் காவலருக்குத் தாகம். குடிக்க ஒன்று கொடுத்தால் வழிவிடுவதோடு, அதை மற்ற வாயில்களில் நிற்கும் காவலர்களுடனும் பகிர்ந்துகொள்வதாகச் சொல்கிறார். பெரிய பாதையின் குறுக்கே ஸ்னோர்லாக்ஸ் என்னும் பேருருவம் உறங்குகிறது. அதை எழுப்ப வாளோ மந்திரமோ உதவாது, ஒரு புல்லாங்குழல் வேண்டும்.

இந்த உலகத்தில் பூட்டுகள் எல்லாம் ஏதாவது ஒரு மனிதரின் சின்னஞ்சிறு தேவையாக இருப்பதைக் கவனியுங்கள். தாகம், மயக்கம், தூக்கம், பேச்சுத் துணை இல்லாமை. அவற்றைத் தீர்க்கிறவனுக்கு வழி திறக்கிறது. எட்டு அல்லது ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தான் வாழும் தெரு எப்படித் தோன்றுமோ அப்படியே இந்த உலகம் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விளையாட்டின் உரையாடல்களை மட்டும் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

போரில் தோற்ற போக்கிமான் இறப்பதில்லை, மயங்குகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் உள்ள போக்கிமான் மையத்திற்குக் கொண்டுசென்றால் கட்டணம் இல்லாமல் தேற்றித் தருகிறார்கள். ஆனால் அந்த உலகத்தில் சாவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. லாவெண்டர் என்னும் சிற்றூரில் ஓர் உயர்ந்த கோபுரம் இருக்கிறது; அது இறந்த போக்கிமான்களின் கல்லறை. போக்கிமான்களைத் திருடும் ராக்கெட் கூட்டத்தாரிடமிருந்து தப்ப முயன்றபோது கொல்லப்பட்ட தாய் ஒன்றின் ஆவி அதன் படிக்கட்டை மறித்து நிற்கிறது. அதைப் பந்தால் பிடிக்க முடியாது. அது யார் என்று அறிந்து, அமைதிப்படுத்தி அனுப்பவே முடியும். அத்தனை சிரிப்புக்கும் இடையில் இந்த ஓர் ஊரை வைத்தார்கள். ஜூனிச்சி மசுதா நான்கே ஒலித்தடங்களில் அமைத்த அந்த ஊரின் இசையை ஒரு முறை கேட்டவர்கள் மறப்பதில்லை.

இனி கேபிளுக்கு வருகிறேன்.

கேம் பாய்க் கருவிகள் இரண்டை ஒரு கேபிளால் இணைக்க முடியும். மற்றவர்கள் அதைப் போட்டி போடுவதற்கான வழியாகப் பார்த்தார்கள். தஜிரிக்கோ அந்தக் கேபிளின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்த கருவிக்குப் போவதுபோல் தோன்றியது. அதற்கு முன்பே அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. டிராகன் குவெஸ்ட் வரிசையின் இரண்டாவது விளையாட்டில், எளிதில் கிடைக்காத ஒரு தொப்பி சுகிமோரிக்கு இரண்டு கிடைத்திருந்தது. தஜிரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நண்பனிடம் மிகுதியாக இருப்பதை என் ஆட்டத்துக்குள் வாங்கிக்கொள்ள வழி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் விளையாட்டாக உருப்பெற ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் நிறுவனம் பணமில்லாமல் தள்ளாடியது; பணியாளர்கள் சிலர் விலகிப் போனார்கள்.

முடிவில் அவர்கள் செய்தது துணிவான செயல். தனி ஒருவரால் முடிக்க முடியாதபடி விளையாட்டைக் கட்டினார்கள். கும்பிடுபூச்சிபோல் கத்திக் கைகளை உடைய சைத்தர் சிவப்பில் மட்டும் கிடைக்கும். கொம்பு வண்டுபோன்ற பின்சிர் மற்றொரு பதிப்பில் மட்டும் கிடைக்கும். தொடக்கத்தில் வைக்கப்படும் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். மற்ற இரண்டும் வேறொருவரிடமிருந்துதான் வர வேண்டும். கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் ஆகிய நான்கும் எத்தனை போர் வென்றாலும் தம் இறுதி உருவை அடைவதில்லை. கைமாறும் அந்தக் கணத்தில்தான் அடைகின்றன. அதாவது, ஒன்று முழுமை பெற வேண்டுமானால் அதைக் கைவிட வேண்டும். மறுபக்கத்தில் இருப்பவர் திருப்பித் தருவார் என்று நம்ப வேண்டும். பத்து வயதில் அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய காரியம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

குறிப்பேட்டில் 150 வகைகள் என்றுதான் அறிவித்தார்கள். பிழை நீக்கும் நிரல்களை அகற்றிய பிறகு மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில், ஷிகெகி மோரிமோட்டோ என்னும் நிரலாளர் மியூ என்ற 151-ஆவது உயிரைச் சேர்த்துவைத்தார். 1996-இல் கோரோகோரோ என்னும் சிறுவர் இதழ் குலுக்கல் முறையில் இருபது பேருக்கு மியூ வழங்கப்படும் என்று அறிவித்தபோது 78,000-க்கும் மேற்பட்டோர் எழுதிப் போட்டார்கள்.

எவரும் திட்டமிடாத இன்னொரு உயிரும் இருந்தது. ஆங்கிலப் பதிப்பில் ஒரு முதியவர் போக்கிமான் பிடிக்கும் முறையைச் செய்து காட்டுவார். அப்போது திரையில் முதியவர் என்ற பெயர் தோன்ற வேண்டும் என்பதற்காக, நம் பெயரை விளையாட்டு வேறோர் இடத்தில் தற்காலிகமாக எடுத்துவைக்கும். அந்த இடம் காட்டுயிர்களின் பட்டியலுக்கு உரியது. அங்கிருந்து நேராகச் சின்னபார் தீவுக்குப் பறந்து, கிழக்குக் கரையோரம் நீந்தினால், அந்தக் கரைக்கென்று தனிப் பட்டியல் இல்லாததால், நம் பெயரின் எழுத்துகளையே விலங்குகளாகப் படித்துவிடும். சிதைந்த கட்டங்களால் ஆன உருவம் ஒன்று எழும். பையில் ஆறாவதாக உள்ள பொருள் 128 மடங்காக அன்று, 128 எண்ணிக்கை கூடுதலாகும். யாருக்கு எது வரும் என்பது அவரவர் பெயரைப் பொறுத்தது. இணையம் எட்டாத வீடுகளில்கூட இந்தச் செய்தி வாய்மொழியாகவே பரவியது.

எனக்கு இந்த விளையாட்டு 1999 டிசம்பரில் அறிமுகமாயிற்று. சிங்கப்பூரில் இருந்த பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது, தம் பழைய கேம் பாயையும் சிவப்புக் கார்ட்ரிட்ஜையும் எனக்குக் கொடுத்தார். நீலம் அவரிடம் இருந்தது. திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து கேபிளைச் செருகினோம். என் மச்சோக்கை அவரிடம் அனுப்பினேன். அது மச்சாம்பாக மாறி நான்கு கைகளோடு நின்றதைப் பார்த்த பிறகு எனக்குத் திரும்பப் பெற மனம் வரவில்லை. அண்ணனே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாற்றாக வந்து அலகசாமாக உருமாறியிருந்த தம் கடாப்ராவை அவரும் எனக்கே விட்டுவிட்டார்.

அந்தக் கார்ட்ரிட்ஜுகளில் விளையாட்டு அழியாத சில்லில் இருக்கிறது. நாம் சேமிக்கும் ஆட்டமோ, உள்ளே பற்றவைக்கப்பட்ட சிறிய பட்டன் பேட்டரியின் மின்சாரத்தில் உயிர்வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் பதக்கங்கள், பெயர், குறிப்பேடு எல்லாம் போய்விடும். மீண்டும் பேராசிரியர் வந்து நம் பெயரைக் கேட்பார். சில ஆண்டுகளுக்கு முன் என் கார்ட்ரிட்ஜை இயக்கியபோது அவர்தான் வந்தார். அண்ணன் தந்த அலகசாமும் அதோடு போயிற்று.

கைமாறிய போக்கிமானுக்குப் புதியவர் வேறு பெயர் சூட்ட முடியாது. அதை முதலில் பிடித்தவரின் பெயரும் ஐந்து இலக்க எண்ணும் அதனிடமே தங்கிவிடும். என் ஆட்டம் அழிந்த செய்தியை அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து நீலக் கார்ட்ரிட்ஜை எடுத்து இயக்கினார். அதில் பேட்டரி இன்னும் இருந்தது. ஆட்டத்தில் போக்கிமான்களை வைக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மச்சாம்பைத் தேடி எடுத்து, முதல் உரிமையாளர் என்ற இடத்தில் ஏழு எழுத்துக்குள் நான் சுருக்கி எழுதியிருந்த என் பெயரை எழுத்தெழுத்தாக எனக்குப் படித்துக் காட்டினார்.

நன்றி, வணக்கம்.