கச்சான் காற்றும் கண்ணுக்கு ஒளி சிகிச்சையும்

வணக்கம் உறவுகளே. இரைச்சலுக்கு மன்னியுங்கள், கல்லடிக் கடற்கரையில் நிற்கிறேன், வீசுவது கச்சான் காற்று. வறுத்துத் தின்னும் கச்சான் இல்லை. மழையையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவைத்துவிட்டு, வெறும் வெக்கையாக மட்டக்களப்புக்கு வந்து சேரும் தென்மேற்குக் காற்று.

இரண்டு மாதமாகக் கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல் உறுத்தல். போதாததற்குக் கண்ணீர் வேறு. "என்ன மனே, அழுகிறாயா?" என்றார் அம்மம்மா. கண் காய்ந்திருக்கிறது என்றேன். தண்ணீர் ஓடுகிற கண்ணையா காய்ந்த கண் என்கிறாய் என்று சிரித்தார்.

கண் வைத்தியர் சொல்லித்தான் எனக்கும் புரிந்தது. இமை ஓரத்தில் மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீரின் மேல் படர்ந்து, அது ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் தடித்து அடைத்துக்கொண்டால் கண்ணீர் கண்ணில் தங்காமல் ஆவியாகிவிடும். அந்த எரிச்சலில் கண் மேலும் மேலும் கண்ணீரை இறைக்கும். சிமிட்டும்போதுதான் அந்த எண்ணெய் வெளியே வரும். நானோ இரவிரவாக வீடியோ தொகுக்கையில் சிமிட்டவே மறந்துவிடுகிறேன்.

கனடாவிலிருக்கும் மச்சாள் இதற்கு ஒளி சிகிச்சை செய்துகொண்டாள். பெயர் ஐ.பி.எல்., அதாவது செறிவான துடிப்பு ஒளி. கண்ணை மூடிக் கவசம் வைத்து, கீழிமைக்குக் கீழே கன்னத்தில் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சுவார்கள். வீங்கிச் சிவந்த நுண்ணிய இரத்தக் குழாய்களை அது சுருக்குகிறது, அழற்சி தணிகிறது. பிறகு சுரப்பியை அழுத்தி எண்ணெயை எடுப்பார்கள். சில வார இடைவெளியில் நாலு தடவை. முகம் சிவக்கும் ரோசேசியா நோய்க்கு இந்த ஒளியைப் பெற்றவர்களுக்குக் கண்ணும் தேறுவதை அமெரிக்கக் கண் மருத்துவர் ரோலண்டோ டோயோஸ் கவனித்ததில் தொடங்கிய வழி இது. 2021இல் ஒப்டிலைட் என்ற ஐ.பி.எல். கருவிக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

எனக்கும் ஆசை வந்தது. வைத்தியர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தோலை நிறப்படி ஆறு வகையாகப் பிரிப்பார்களாம். அந்த அனுமதி முதல் நான்கு வகைக்கு மட்டும். நான் ஐந்து. கறுத்த தோலில் மெலனின் அதிகம். குழாய்க்குப் போக வேண்டிய ஒளியை அதுவே குடித்துவிடும். தோல் வெந்துபோகலாம், தழும்பு நிற்கலாம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிறகு, நிறம் பார்த்து என்னைத் திருப்பி அனுப்பியது இந்தக் கருவிதான்.

மச்சாளுக்கு அவர்கள் தோலைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அவள் எலுமிச்சை நிறம். ஆனால் பளபளக்கும் விளம்பரங்களில் இந்த நிறக் கணக்கை யாரும் உரக்கச் சொல்வதில்லை. எங்கே போய்ச் செய்தாலும், "என் தோல் எந்த வகை?" என்று முதலில் கேளுங்கள். சிவப்பு எல்.இ.டி. முகமூடி வேறு ரகம். அது இந்தப் பலத்த ஒளித் துடிப்பு அல்ல.

எனக்கு இப்போது சுடுதண்ணீரில் நனைத்த துவாய்தான். நாற்பது பாகைச் சூடு, பத்து நிமிடம். துவாய் சட்டென்று ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கி, கீழிமையை மேல்நோக்கி மெல்லத் தடவிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் உறுத்தல் பாதியாகிவிட்டது.

அம்மம்மா கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டாராம். தேநீருக்கா துவாய்க்கா என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.