குளிர் ஊருக்குப் போகேக்க எந்த சென்ட் கொண்டு போறது? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்தது வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி, கொஞ்சம் நீளம், நான் சுருக்கி வாசிக்கிறன். "அண்ணா, நான் செப்டம்பர் இன்டேக்குக்கு டொரொண்டோ போறன், இங்க நான் அக்வா டி ஜியோ எண்டுற லேசான கடல் வாச சென்ட் தான் அடிக்கிறது, அங்க ஃபோல் சீசன்ல, அதாவது இலை கொட்டுற காலத்தில அது எடுபடாது, ஊத் எண்டுற அகில் வாசம், வனிலா மாதிரி ஹெவியா ஏதாவது வாங்கு எண்டு கூட்டாளிமார் சொல்றாங்க, ஆனா கடையில அடிச்சுப் பாத்தா எல்லாமே தலையிடிக்குது, எதை வாங்குறது, இங்கயே வாங்கிட்டுப் போகவா அங்க போய் வாங்கவா?"

தம்பி, இது நல்ல கேள்வி, இதே கேள்விய வேற வேற மாதிரி கனபேர் கேட்டிருக்காங்க, அதால கொஞ்சம் விரிவாவே சொல்றன். முதல்ல அந்தத் தலையிடிய எடுப்பம். சென்ட் எண்டுறது ஆல்கஹோல்ல கரைச்ச வாசனைப் பொருட்கள், உங்கட தோல் சூட்டில அது ஆவியாகி மேல வந்தா தான் மூக்குக்குத் தெரியும். எலுமிச்சை, பேர்கமொட் மாதிரி லேசான சாமான்கள் முதல் பதினஞ்சு இருபது நிமிசத்திலயே பறந்துரும், வனிலா, சாம்பிராணி, சந்தனம், பச்சிலை எண்டுற பச்சோலி மாதிரி பாரமானதெல்லாம் அடியில இருந்து மெதுவா வரும். இப்ப கொழும்பில வருசம் முழுக்க பகல்ல 30 டிகிரி, அதுக்கு மேல ஈரப்பதன், அதுக்கு மேல வேர்வை. அந்த வெக்கையில மெதுவா வர வேண்டிய பாரமான வாசமெல்லாம் ஒரேயடியா கிளம்பி மூஞ்சில அடிக்கும். பம்பலப்பிட்டியில பஸ் ஏறி வந்து, வேர்த்த கையில நாலு டெஸ்டர் அடிச்சுப் பாத்தா யாருக்குமே தலையிடிக்கும். அத வச்சு இது எனக்குச் சரிவராது எண்டு முடிவெடுத்துராதீங்க.

குளிர்ல என்ன நடக்குது எண்டா எல்லா வாசமுமே அடங்கும், இத நல்லா விளங்கிக்கொள்ளுங்க. ஆவியாகிறது குறையும், காத்து காய்ஞ்சு இருக்கிறதால மூக்குக்குள்ளயும் வறளும், மணக்கிற சக்தியே கொஞ்சம் குறையும். லேசான வாசம் அடங்கினா மிச்சம் ஒண்டும் இல்ல. பாரமான வாசம் அடங்கினா அளவா, அழகா வரும். உங்கட கூட்டாளிமார் சொல்றதுக்குப் பின்னால உள்ள காரணம் இது தான், அது உண்மையும் கூட. ஆனா அவங்க ஒண்ட விட்டுட்டாங்க, அது தான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

நீங்க போறது குளிர் ஊருக்குத் தான், ஆனா நீங்க இருக்கப் போறது ஹீட்டர் போட்ட அறைகளுக்குள்ள. பஸ், சப்வே, லெக்சர் ஹோல், லைப்ரரி, பார்ட் டைம் வேலை செய்ற கடை, எல்லா இடமும் உள்ளுக்குள்ள 20, 22 டிகிரி. வெளியில பஸ் ஸ்டொப்ல நிக்கேக்க எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே எண்டு இன்னும் ரெண்டு அடி அடிச்சுட்டு, உள்ளுக்க வந்து கோட்டைக் கழட்டினீங்க எண்டா அதுக்குள்ள அடைஞ்சிருந்த முழு வாசமும் ஒரேயடியா வெளிய வரும், பக்கத்தில இருக்கிற பிள்ளை சீட் மாறி இருக்கும். அதால சென்ட்டைத் தெரிவு செய்யேக்க வெளிய இருக்கிற குளிரை மட்டும் பாக்காதீங்க, கோட்டுக்குள்ள இருக்கிற சூட்டையும் சேத்துப் பாருங்க.

அதோட ஃபோல் எண்டுறது ஒரே குளிர் இல்ல. செப்டம்பர்ல அங்க பகல்ல 20 டிகிரி பக்கம் இருக்கும், அது நம்மட நுவரெலியா பகல் மாதிரி தான், உங்கட அக்வா டி ஜியோ அப்பவும் வேலை செய்யும், அத வீட்டில விட்டுட்டுப் போகாதீங்க. அர்மானி அத விட்டது 1996ல, இவ்வளவு வருசம் ஓடுது எண்டா சும்மா இல்ல. ஒக்டோபர் நடுப்பகுதியில பகல் 13, 14 ஆகும், நவம்பர்ல 7, 8 தான், அப்ப தான் கடல் வாசமும் எலுமிச்சையும் உயிரில்லாமப் போகும். அந்த ரெண்டு மாசத்துக்கும் தான் உங்களுக்கு இன்னொரு போத்தல் தேவை.

என்ன மாதிரி போத்தல் எண்டா, நான் ஹெவியில இருந்து தொடங்கச் சொல்ல மாட்டன், மசாலாவில இருந்து தொடங்கச் சொல்லுவன். ஏலக்காய், கறுவா, மிளகு, சாதிக்காய், கராம்பு, இதெல்லாம் நமக்குப் பழகின வாசம், நம்மட மூக்கு பயப்படாது. அதில இனிப்பு இல்லாத பக்கம் இருக்கு, இனிப்பான பக்கமும் இருக்கு. இனிப்பு வேணாம் எண்டா ஹெர்மெஸ் கம்பனிட டெர் டெர்மெஸ் பாருங்க, 2006ல வந்தது, ஜோன் க்ளோட் எலெனா செய்தது. தோடம்பழமும் மிளகும் முன்னுக்கு வரும், பிறகு வெட்டிவேர், தேவதாரு, கல்லும் மண்ணும் மாதிரி ஒரு காய்ஞ்ச வாசம். இலை கொட்டுற காலத்துக்கு இத விடப் பொருத்தமா ஒண்டு எனக்குத் தோணேல்ல, இருபது வயசுப் பொடியன் அடிச்சா வயசு கூடத் தெரியும் எண்டு சில பேர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்கொள்ள மாட்டன், நல்லா உடுத்துப் போற பொடியனுக்கு அது நல்லாவே பொருந்தும். கொஞ்சம் மென்மையா வேணும் எண்டா இவ் சான் லோரான்ட லா நுயி டி லோம், 2009ல வந்தது, முன்னுக்கு ஏலக்காய் தான், கிட்ட இருக்கிற ஆளுக்கு மட்டும் தெரியிற வாசம், வகுப்புக்கும் போடலாம்.

இனிப்பான பக்கம் போறது எண்டா, வனிலா, புகையிலை, டொங்கா எண்டுற வனிலா மாதிரி மணக்கிற விதை, ஆம்பர். ஆம்பர் எண்டா என்ன எண்டு அடிக்கடி கேக்கிறீங்க, அது லேப்டனம் எண்டுற பிசின், சாம்பிராணி, வனிலா எல்லாம் கலந்து செய்ற ஒரு வாசம், வெள்ளிக்கிழமை வீட்டில சாம்பிராணி போட்டு வளந்த ஆள் எண்டா உங்களுக்கு அதில பாதி ஏற்கனவே தெரியும். இந்தப் பக்கத்தில ஸ்பைஸ்பொம் எக்ஸ்ட்ரீம் நல்லது, 2015ல வந்தது, புகையிலையும் வனிலாவும் மிளகும். காசு இறுக்கம் எண்டா லத்தாஃபாட கம்ரா, 2022ல வந்தது, கறுவா, பேரீச்சம்பழம், வனிலா, டுபாய் கம்பனி, விலைக்கு நல்ல சாமான். ஆனா கம்ராவ கொழும்பில பகல்ல அடிச்சுப் பாத்துட்டு எனக்கு வந்து ஏசாதீங்க, அது நவம்பருக்கு உள்ள சென்ட், ரெண்டே ரெண்டு அடி போதும்.

இன்னொரு வழி இருக்கு, பழைய சலூன் வாசம், லாவெண்டர், ஓக் மரப்பாசி, டொங்காவில இருக்கிற கூமரின், இந்த மூண்டையும் வச்சுக் கட்டுற ஒரு குடும்பம், ஃபூஜேர் எண்டு சொல்றது. 1882ல ஹூபிகான் கம்பனி விட்ட ஒரு சென்ட்ல இருந்து தொடங்கினது, செயற்கையா செய்த கூமரினை சென்ட்ல போட்டு வித்தது அது தான் முதல். இனிப்பும் வேணாம் மசாலாவும் வேணாம் எண்டுறவங்க அங்க போகலாம், குளிருக்கு நல்லாவே தாங்கும்.

ஊத் பத்திக் கேட்டீங்க. நல்ல ஊத் எனக்கு உயிர், ஆனா முதல் குளிர் சென்ட்டா அத வாங்காதீங்க, பழக்கமில்லாத ஆக்களோட ஒரே வகுப்பில இருக்கேக்க அது சில பேருக்கு மருந்து வாசமா, மாட்டுத் தொழுவ வாசமா தெரியும். அத்தோட ஒரு விசயம், நம்ம நாட்டில இருக்கிற வல்லப்பட்டை மரத்திலயும் ஊத் மாதிரிப் பிசின் வரும், அது பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாம நாட்டை விட்டு கொண்டு போறது குத்தம், கட்டுநாயக்காவில பிடிபட்ட செய்தியெல்லாம் நீங்க பாத்திருப்பீங்க. நல்ல வாசம் ஒரு துண்டு கொண்டு போ எண்டு யாராவது தந்தா தயவு செய்து வாங்காதீங்க.

சரி, கொழும்பில இருந்துகொண்டு குளிர் சென்ட்டை எப்பிடிச் சோதிக்கிறது? கடையில பேப்பர் துண்டில மணந்து பாத்து ஒண்டு ரெண்டை மட்டும் பொறுக்குங்க, பிறகு ஒரு நாளைக்கு ஒண்டு மட்டும், குளிச்சுத் துடைச்ச கையில ஒரு அடி, ஏசி அறையில 20ல வச்சுக்கொண்டு நாலஞ்சு மணித்தியாலம் இருங்க. முதல் பத்து நிமிசத்த நம்பாதீங்க, கடைக்காரன் விக்கிறது அந்தப் பத்து நிமிசத்தைத் தான், நீங்க வாழப்போறது நாலாவது மணித்தியாலத்தோட. போறதுக்கு முதல் குடும்பத்தோட நுவரெலியா போற பிளான் இருந்தா கட்டாயம் சின்ன போத்தல் ஒண்டு கொண்டு போங்க, ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், ஜெர்சி போட்டுக்கொண்டு வெளிய நடந்துட்டு அறைக்குள்ள வந்து பாருங்க, அதுக்கு மேல ஒரு டெஸ்ட் தேவையில்ல. இங்க பெரிய போத்தல்ல இருந்து 5 எம்எல், 10 எம்எல் எண்டு பிரிச்சு விக்கிறவங்க இருக்காங்க, அதுக்கு டெகண்ட் எண்டு பேர், நம்பிக்கையான ஆளா பாத்து அப்பிடி வாங்குங்க. புறக்கோட்டைப் பக்கம் பிராண்ட் பேர் போட்டு மூண்டில ஒரு பங்கு விலைக்கு வச்சிருந்தா அது ஒரிஜினலா இருக்க வாய்ப்பில்ல, விட்டுட்டு வாங்க.

பூசுறது பத்தியும் சொல்லணும். அங்க தோல் சரியா வறளும், வறண்ட தோல்ல சென்ட் நிக்காது, குளிச்ச உடன வாசம் இல்லாத கிரீம் ஒண்டு பூசிட்டு அதுக்கு மேல அடிங்க. நெஞ்சில ஒண்டு, பின் கழுத்தில ஒண்டு, அவ்வளவு தான். கம்பளித் துணியில வாசம் நாள்கணக்கா நிக்கும், அதால கோட்ல அடிக்காதீங்க, அடிச்சா அடுத்த நாள் வேற சென்ட் போட ஏலாது, ரெண்டும் சண்டை பிடிக்கும். உங்கட மூக்கு உங்கட வாசத்துக்கு அரை மணித்தியாலத்தில பழகிரும், போயிட்டுது எண்டு நினைச்சு திருப்பி அடிக்காதீங்க.

அதவிட முக்கியம், பேஸ்மன்ட்ல நாலு பேர் ரூம் ஷேர் பண்ணி இருக்கப் போறீங்க, அங்கயே சமையல். வெங்காயம் தாளிக்கிற வாசம், மீன் பொரிக்கிற வாசம் எல்லாம் முதல்ல போய் ஒட்டுறது அந்தக் கோட்ல தான். ஜன்னல் திறக்க ஏலாத குளிர்ல அது போகவும் போகாது. அதுக்கு மேல கம்ரா அடிச்சா ரெண்டும் சேந்து வேறயா ஒரு வாசம் வரும், எவ்வளவு விலையான சென்ட்டாலயும் அத மறைக்க ஏலாது. சமைக்க முதல் கோட்டை அலுமாரிக்குள்ள வச்சு மூடுங்க, சமைச்ச உடுப்போட வெளிய போகாதீங்க. நம்மட சாப்பாட்டில ஒரு வெக்கமும் இல்ல, ஆனா சென்ட்டும் கறியும் ஒரே துணியில வேணாம்.

அடுத்தது, கனடாவில ஆஸ்பத்திரி, சில ஆபீஸ், சில கெம்பஸ் கட்டடம் எல்லாம் வாசனை பூசாம வரச்சொல்லி போர்ட் போட்டிருப்பாங்க, ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி இருக்கிறவங்களுக்காக. அத மதிங்க. வேலைக்கு எடுக்கிற இடத்தில முதல் நாளே கேட்டுருங்க.

இங்கயா அங்கயா எண்டு கேட்டீங்க. டெகண்ட் ரெண்டு இங்க வாங்கிக் கொண்டு போங்க, முழுப் போத்தல் ஒக்டோபர் மட்டும் பொறுத்திருந்து அங்கயே வாங்குங்க, அப்ப உங்கட தோலுக்கே எது சரி எண்டு தெரிஞ்சிருக்கும். கையில கொண்டு போற பேக்ல எண்டா போத்தல் 100 எம்எல்லுக்கு மேல இருக்கக்கூடாது, பாதி நிரம்பின 125 போத்தலையும் எடுத்துருவாங்க, பெரிசா இருந்தா சூட்கேஸ்ல துணிக்கு நடுவில வச்சு அனுப்புங்க. டியூட்டி ஃப்ரீல வாங்கினா அந்த சீல் பண்ணின பேக்கை டொரொண்டோ போய்ச் சேருற மட்டும் உடைக்காதீங்க, டோஹா, டுபாய் எண்டு இடையில மாறேக்க திருப்பிச் செக் பண்ணுவாங்க, பில்லும் அதுக்குள்ளயே இருக்கட்டும். சரி தம்பி, நல்லபடியா போயிட்டு வாங்க, அடுத்த கேள்வியப் பாப்பம்.