நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடு

வணக்கம் நேயர்களே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திடலில் புல் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பட்டை, அதன் இரண்டு பக்கமும் ஒட்டிய வண்ண நாடா. பந்தோடு ஓடும் பிள்ளையின் நாடாவை எதிரணிப் பிள்ளை பிடுங்கிக் கையைத் தூக்கி, ‘டேக்!’ என்று கத்த வேண்டும். கத்திவிட்டு அப்படியே ஓடிவிட முடியாது. பிடுங்கிய நாடாவை உரியவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடியும் ஆட்டத்தில் சேரலாம். பல வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

நான் ஓர் அக்கம்பக்க ரக்பி குழுவில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தொண்டூழியர். ‘நம்ம பிள்ளைகளுக்கு எதுக்குண்ணே இந்த விளையாட்டு?’ என்று கேட்காத தமிழ்ப் பெற்றோர் குறைவு. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் பாடாங் திடல் வருகிறது. அதன் ஒரு முனையில் 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப். மறுமுனையில் யுரேஷியர்கள் 1883இல் தொடங்கிய சிங்கப்பூர் ரிக்ரியேஷன் கிளப். முதலாவது அன்று ஐரோப்பியர்களுக்கானது, அதனால்தான் இரண்டாவது வந்தது. நடுவில் இருக்கும் புல்லில் ரக்பி வளர்ந்தது. கிரிக்கெட் கிளப்பின் எழுவர் ரக்பி போட்டி இன்றும் அங்கேதான் நடக்கிறது.

மலேசியக் கிண்ணக் காற்பந்து என்றால் நம் அப்பாக்கள், தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘மலாயா’ என்ற போர்க்கப்பல் 1921இல் இந்தப் பக்கம் வந்து போன பிறகு, அதன் மாலுமிகள் நன்றியாக இரண்டு கோப்பைகளைக் கொடுத்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றது ரக்பிக்கு. காற்பந்துக் கோப்பையைத் தெரியாத ஆளில்லை. ரக்பிக் கோப்பையைப் பற்றி என் வீட்டில்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

சிங்கப்பூர் ரக்பி சங்கம் 1948இல் உருவானது. 1978இல் மலேசிய ரக்பி சங்கக் கோப்பையை வென்ற நம் அணிக்குப் பயிற்றுநர் நடஹர் பாவா. ‘நம்ம ஆட்களுக்கு இது ஒத்துவராது’ என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன்.

சரி, இவ்வளவு வரலாறு இருந்தும் நம் வீடுகளில் ஏன் ரக்பி இல்லை? என் பதில் இதுதான்: இந்த ஊரில் ரக்பி பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அதிகம் வரவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ், ஆங்கிலோ சைனீஸ், ராஃபிள்ஸ் போன்ற பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக ஆடுகின்றன. அவற்றின் ஆட்டம் அருமையானது, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைப் பட்டியலில் ரக்பியே இருக்காது. நான் படித்த பள்ளியிலும் இல்லை. தேசியச் சேவையில், முகாம் திடலில், பத்தொன்பது வயதில்தான் முட்டை வடிவப் பந்தை முதன்முதலாகக் கையில் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் ஓடியவர்கள் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடியவர்கள். அந்த ஏழு வருடத்தை என்னால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

எங்கள் குழுவும் அப்படித்தான் பிறந்தது. சேவை முடிந்த பிறகும் ஆட்டத்தை விட மனமில்லாத சிலர் வாரம் ஒருநாள் கூடினோம். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு பழைய பந்தைக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். எங்கள் இளையர் பிரிவு தொடங்கிய கதை அவ்வளவுதான்.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சாண் புல்கூடக் கிடையாது. கூம்புகளும் பந்துப் பையும் நாடாப் பட்டைகளும் என் காரின் பின்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. திடல்தான் இந்த ஊர் விளையாட்டின் பெரிய கவலை. புக்கிட் தீமாவில் டர்ஃப் சிட்டி நினைவிருக்கிறதா? 1933 முதல் 1999 வரை அங்கே குதிரைப் பந்தயம். பிறகு வார இறுதிகளில் ரக்பியும் காற்பந்துமாகச் சிறுவர் கூட்டம் நிறைந்திருக்கும். 2023 முடிவோடு அந்த இடம் அரசிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, இனி வீடுகள் வரப்போகின்றன. வீடு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது மனசு கனக்கிறது.

இப்போது பெற்றோரின் பயத்துக்கு வருகிறேன். ஓர் அம்மா கேட்டார், ‘அண்ணே, இவன் ரொம்ப ஒல்லி. கை கால் முறிஞ்சுடாதா?’ நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு நாடா ஆட்டம் மட்டுமே, ஒருவர்மேல் ஒருவர் பாயவே மாட்டார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் டாக்கிள் பாடம், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது, அதுவும் முட்டி போட்டபடி. இரண்டு பேரும் எதிரெதிரே மண்டியிடுவார்கள். தலை பக்கவாட்டில் இருக்க வேண்டும், தோள் படவேண்டும், கைகள் இறுக்கிச் சுற்ற வேண்டும். அது சரியாக வந்தால் நடந்துகொண்டு, அப்புறம் மெல்ல ஓடிக்கொண்டு. விழுவதற்கும் தனிப் பாடம் உண்டு: பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள், கையைத் தரையில் ஊன்றாதே. கையை ஊன்றினால்தான் மணிக்கட்டு முறியும்.

தலையில் அடி பட்டதோ என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவோம். அன்று மறுபடி இறங்க அனுமதி இல்லை. மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது மூன்று வாரம் போட்டியே கிடையாது. இறுதியாட்டமாக இருந்தாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி. ‘இவனுக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று சொன்ன ஒரு தந்தையோடு நான் சத்தமாகவே வாதாடியிருக்கிறேன். அதற்காக நான் வருந்தவில்லை.

2016 ஏப்ரலில் எங்கள் பிள்ளைகளைத் தேசிய விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனோம். எழுவர் ரக்பி உலகத் தொடரின் சிங்கப்பூர்ச் சுற்று. இறுதியில் கென்யா, ஃபிஜியை 30-7 என்று சாய்த்தது. அந்தத் தொடரில் கென்யா வென்ற முதல் பட்டம் அது. பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

அந்த ஒல்லிப் பையன் வந்தானா? வந்தான். முதல் மாதம் பந்தைக் கண்டாலே விலகி நின்றான். ஒரு சனிக்கிழமை மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது. எல்லாரையும் கூரைக்குக் கீழே ஓட்டினோம். முக்கால் மணிநேரம் மழை. இவன் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணிப் பெண்பிள்ளை ஒருத்தியின் மஞ்சள் நாடா அதில் கசங்கிக் கிடந்தது. அவன் பிடுங்கிய முதல் நாடா. விளக்கு அணைந்ததும் நேராக அவளிடம் போய், ‘இந்தா, உன்னோடது’ என்று கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சேற்றில் ஓடினான்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் ரக்பி இல்லாவிட்டால் பரவாயில்லை. அருகில் இருக்கும் ஒரு குழுவின் சிறுவர் பயிற்சிக்கு ஒருநாள் அழைத்து வாருங்கள். ஒரு தண்ணீர்ப் புட்டியும் மாற்றுச் சட்டையும் போதும். நாடா நாங்கள் கொடுக்கிறோம்.

நன்றி, வணக்கம்.