அவள் தெரிந்துகொண்டிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு புதுக்கடையில் குடும்ப வழக்குகளைப் பார்த்துவரும் சட்டத்தரணி நான். கணவன் மனைவிக்கு இடையே உண்மையாக இருப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நன்றி.

எங்கள் பொதுத் திருமணப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அது விவாகரத்துக்கு மூன்று காரணங்களைத்தான் சொல்கிறது: இன்னொருவருடன் உடலுறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, மணமுடித்தபோதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இந்த மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சில வீடுகளில் மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும், அவருடைய தாய் தகப்பனுக்கும் தெரியும். பெண்ணுக்கு மட்டும் தெரியாது. "கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அவளைக் கேட்காமலே தீர்மானித்துவிடுகிறார்கள்.

உடல் தவறினால்தான் துரோகம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்கள் அழுதுகொண்டு சொல்வது வேறு. "அவர் செய்ததைக்கூடத் தாங்குவேன், இவ்வளவு நாளும் என்னை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருந்தாரே" என்பார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொழில் நொடித்த ஆண்கள் சிலர் அதை வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல உடுத்திக்கொண்டு காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறுவார்கள். மனைவியின் நகை செட்டியார்தெருவில் அடகில் கிடக்கும். அவளோ அது அலுமாரியில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மகளுக்குப் புது ரியூஷன் வகுப்பு பேசிக்கொண்டிருப்பாள். இந்த மனிதர் வேறொரு பெண்ணை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். கேட்டால், "அவள் மனம் நோகக்கூடாது என்றுதான்" என்பார். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை, ஆனாலும் அந்தச் சமாதானத்தை ஏற்க என்னால் முடியாது. தெரிந்திருந்தால் அவள் வேலைக்குப் போயிருப்பாள், செலவைக் குறைத்திருப்பாள், தமையனிடம் உதவி கேட்டிருப்பாள். ஏன், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கும் போயிருப்பாள். அதுவும் அவளுடைய உரிமைதானே? அவள் எடுக்கவேண்டிய முடிவுகளையெல்லாம் அவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான நமது தேசவழமையிலும் இந்தக் கோணல் உண்டு. யாழ்ப்பாணத்தவருக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று எழுதிவைத்தது. கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. அவளுடைய சொத்து விவரம் அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அவருடையது அவளுக்குத் தெரியாமலே போகலாம். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

சரி, போனை நோண்டிப் பார்த்தால் தீருமா? தீராது. அப்படிப் பார்க்கத் தொடங்கிய வீடுகளில் இருவரும் இன்னும் கவனமாக மறைக்கப் பழகியதைத்தான் கண்டிருக்கிறேன்.

அப்புறம், அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: முடிந்துபோன பழைய தொடர்பைச் சொல்லத்தான் வேண்டுமா? கலியாணத்துக்கு முந்தைய காதல் என்றால், அது உங்களுடைய சொந்தக் கதை, விரும்பினால் சொல்லுங்கள். கலியாணத்துக்குப் பிறகு நடந்தது என்றால் சொல்லவேண்டும் என்பதே என் முடிவு. அதைத் தெரியாமல் உங்களோடு வாழ்பவர் தன் சம்மதத்தை முழுதாகத் தரவில்லை. சொன்னபின் அவர் மன்னிக்காமலும் போகலாம். அதற்கும் ஆயத்தமாகத்தான் வாயைத் திறக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போட முடியாது. வெளியுறவால் பாலியல் நோய் தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், துணையை நெருங்குமுன் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முடிவை அவரிடம் சொல்லுங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பணம் கேட்க மாட்டார்கள், விவரங்களை வெளியிலும் விடமாட்டார்கள். இருவருமாகவும் போகலாம்.