ஸ்டேசன் மணிக்கூடும் வன்னியின் இரண்டு நேரங்களும்

(திரையில்: வெறும் முற்றம், நட்டு வைத்த ஒரு கம்பு, உச்சி வெயில்)

சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கிளிநொச்சியில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். நடுமதியத்தில் நிழலே இருக்காது, அப்படியே கம்பின் காலடிக்குள் ஒடுங்கிவிடும், ஏனென்றால் அந்த நாட்களில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரம் போனை எடுத்துப் பாருங்கள். 12 மணி இருக்காது. 12 மணி 8 நிமிடம் இருக்கும்.

இது போனின் பிழை இல்லை. இலங்கையின் நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணக்கிட்டது, கிளிநொச்சி இருப்பதோ ஏறக்குறைய 80.4 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. அப்படியென்றால் ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு நடுமதியம் இருக்கிறது, முந்தி உலகம் முழுக்க ஊர்கள் அந்தச் சொந்த நேரத்தில்தான் ஓடின. மாட்டுவண்டியில் போகிறவனுக்கு 8 நிமிடம் என்ன, ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் ஒன்றுமில்லை.

கோச்சி வந்துதான் இதைக் குழப்பியது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு 10 நிமிடம் பின்னால் இருந்தது. 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் ஸ்டேசன்கள் எல்லாவற்றுக்கும் லண்டன் நேரத்தையே வைத்தது. ஊர்ச்சனம் தங்கள் நேரத்தை விடவில்லை. பிரிஸ்டலின் பழைய தானியச் சந்தைக் கட்டடத்து மணிக்கூட்டில் இன்றைக்கும் இரண்டு நிமிட முள் இருக்கிறது, ஒன்று ஊருக்கு, மற்றது கோச்சிக்கு. சட்டப்படி ஒரே நேரம் வர 1880 ஆகிவிட்டது.

சரி, எங்கள் பக்கம் வருவோம். வன்னியைக் கடந்து யாழ்ப்பாணம் வரை பாதை முழுதாகத் திறந்தது 1905 ஆகஸ்டில். அப்போது இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 19½ நிமிடம் முன்னால் இருந்தது. 1906 பிறந்ததும் அதை ஐந்தரை மணியாக்கினார்கள். ஓடத் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் மாங்குளம் வழியே போன கோச்சி பத்தரை நிமிடம் முன்னுக்குத் தள்ளப்பட்டது!

(திரையில்: ஊசல் ஆடும் பழைய சுவர் மணிக்கூடு)

இப்போது துல்லியம். பழைய ஊசல் மணிக்கூட்டுக்கு வன்னி வெயில் ஒரு எதிரி. இரும்புத் தண்டு சூட்டில் நீளும், நீண்டால் ஊசல் மெதுவாக ஆடும். வெப்பம் 10 பாகை ஏறினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 விநாடி பிந்தும், ஒரு கிழமையில் அரை நிமிடத்தைத் தாண்டிவிடும். இன்றைய பற்றரி மணிக்கூடுகூட மாதத்துக்கு 15, 20 விநாடி விலகலாம். கவனிக்க ஆளில்லாமல் விட்டால் வருடத்தில் மூன்று நான்கு நிமிடம்.

மேடையில் நிற்கிற எங்களைவிட ஸ்டேசன் மாஸ்டருக்குத்தான் இது பெரிய விசயம். ஒவ்வொரு வண்டியும் வந்த நிமிடமும் போன நிமிடமும் பதிவேட்டில் ஏற வேண்டும். பக்கத்து ஸ்டேசன் மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தியிருந்தால் வண்டி உண்மையில் ஓடியதைவிட நாலு நிமிடம் குறைவாக ஓடிப் போய்ச் சேர்ந்ததாக எழுத வேண்டி வரும். வடபாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஸ்டேசனில்தான் விலகிக்கொள்ள முடியும். நல்ல வேளை, பாதையைக் காப்பது சிக்னலும் அனுமதி முறையும்தான், மணிக்கூடு இல்லை. மணிக்கூட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1891இல் அமெரிக்காவில், ஒஹாயோவின் கிப்டனில் இரண்டு வண்டிகள் மோதிய விபத்து இருக்கிறது. ஓட்டுநரின் சட்டைப்பை மணிக்கூடு 4 நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் ரயில்வே மணிக்கூடு கிழமைக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது என்ற கண்டிப்பு அங்கே பரவியது.

(திரையில்: ஏ9 வீதி, ஓமந்தை)

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு மணிக்கூடு தன்னளவில் எவ்வளவு சரியாக ஓடினாலும் போதாது, மற்ற மணிக்கூடுகளோடு ஒத்துப்போக வேண்டும். வன்னிச் சனத்துக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை. 2006 வரை ஒரே வீதியில் இரண்டு நேரம்.

அப்போது கோச்சி வவுனியாவோடு நின்றுவிடும். அங்கே பின்னேரம் 3 மணிக்கு ஒரு வண்டி வெளிக்கிடுகிறது என்று வையுங்கள். கிளிநொச்சி மணிக்கூட்டை நம்பி 3 மணிக்குப் போய் நின்றால் வண்டி போய் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அம்மா சுவர் மணிக்கூட்டைத் தொடவே விடமாட்டார். யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் முதலில் கேட்பது, “பழைய நேரமோ, புது நேரமோ?” பயணம் போகிறவர் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டியதும் கைமணிக்கூட்டின் திருகாணியை இழுத்து அரை மணி கூட்டுவார், திரும்பி வரும்போது குறைப்பார்.

2006 ஏப்ரல் 15, நள்ளிரவு 12.30 மறுபடி 12.00 ஆனது, நேரம் ஒன்றானது. ஆனால் கோச்சி இல்லை. 1990இல் நின்ற பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிருந்தன. 2011இல் ஓமந்தைக்கும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் வண்டி திரும்பி வந்தபோதுதான், வவுனியாவில் எழுதிய வண்டி நேரத்தைக் கூட்டிக் கழிக்காமல் கிளிநொச்சியில் அப்படியே வாசிக்க முடிந்தது.

(திரையில்: மேடை, போனும் மணிக்கூடும் ஒரே சட்டத்தில்)

அடுத்த முறை ஸ்டேசனுக்குப் போனால் போனில் தானியங்கி நேரத்தைப் போட்டுவிட்டு மேடை மணிக்கூட்டின் கீழே ஒரு நிமிடம் நில்லுங்கள். போனில் நிமிடம் மாறும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், சும்மா போகாமல் உள்ளே போய் ஸ்டேசன் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.