புதன்கிழமை ஆன்ட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று ஆண்டுகளாகப் புதன்கிழமை மாலைகளில் இங்கே சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குப் போய்வருகிறேன். அங்கே மலாய்க் குடும்பம் ஒன்றில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வளர்கிறாள். பேரும் வட்டாரமும் சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தைச் சட்டமே காக்கிறது. அவளுக்கு நான் 'புதன்கிழமை ஆன்ட்டி'.

சிங்கப்பூரில் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956இல் தொடங்கியது. இது தத்தெடுப்பு இல்லை. பெற்ற வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளையை, அந்த வீடு சீராகும்வரை இன்னொரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது. முடிந்தவரை சொந்தக் குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதுதான் நோக்கம்.

அந்த மலாய் அம்மா தங்கமானவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கண்விழிப்பார். நான் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியர், அவ்வளவுதான்.

ஒருநாள் அவளுடைய பாட்டி பார்க்க வந்தார். சமூக ஊழியர் என்னையும் வரச்சொல்லியிருந்தார். பாட்டி முறுக்கு டப்பாவைத் திறந்து, "சாப்டியா கண்ணு? பாட்டியைத் தேடுனியா?" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்டது புரிந்தது, பதிலுக்குத் தமிழ் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பேத்திக்குத் தன்மேல் கோபம் என்று பாட்டி நினைத்துவிட்டார். கிளம்பும்வரை அந்த டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பாட்டி போனதும் சமூக ஊழியரிடம் சொன்னேன், கோபமெல்லாம் இல்லை, பேச வாய் வரவில்லை என்று. அவர் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்தார். நாங்கள் கட்டுரைப் பயிற்சியை ஓரம்கட்டிவிட்டு, பாட்டியிடம் பேசுவதை ஒத்திகை பார்த்தோம். முதல் வாரம் மூன்றே வாக்கியம். "கால்வலி எப்படி இருக்கு பாட்டி?" என்று அவள் கேட்டதும் மறுமுனையில் பாட்டி அழுதுவிட்டாராம்.

பிள்ளையைக் கவனித்து, பார்த்ததை எடுத்துச்சொல்லும் தொண்டு வேறு நாட்டிலும் உண்டு. 1977இல் அமெரிக்காவின் சியாட்டலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, பிள்ளையின் நிலையை நேரில் அறிந்து நீதிமன்றத்தில் எடுத்துச்சொல்லத் தொண்டூழியர்களைப் பயிற்றுவித்தார். நான் நீதிமன்றப் படியேறியதில்லை, சட்டமும் படித்ததில்லை. வாரம் தவறாமல் போகிறேன், கண்ணில் பட்டதை உரியவரிடம் சொல்கிறேன். வீட்டில் தமிழ் பேசும் நீங்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். வளர்ப்புப் பெற்றோராகவே முன்வந்தால் இன்னும் நல்லது. தயவுசெய்து வாருங்கள்.

போன புதன்கிழமை ஒரு தாளில் அவளே எழுதிவைத்திருந்தாள்: "பாட்டி, அம்மா சின்னப் பில்லையா இருந்தப்போ எப்படி இருப்பாங்க?" ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். இந்த ஞாயிறு கேட்கப்போகிறாள்.