விஸ்லர் இருட்டைக் கீறிய விதம்

[திரையில்: ‘சாவெர்ன் தெரு’, முழுப் படம்]

இருட்டின பிறகு ஒரு தெரு. பழைய வீடுங்க, ஒரு விளக்கு, அவ்வளவுதான். 1858-ல ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் செஞ்ச எட்சிங் இது, அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால அரிச்சு, அதிலிருந்து அச்சடிக்கற படம். ஆள் அமெரிக்கர், தெரு பிரான்ஸோட அல்சாஸ் பகுதியில இருக்கற சாவெர்ன் ஊர்ல. அப்போ அவருக்கு வயசு 24.

[திரையில்: அனகாபா தீவு வரைபடம்]

தொழில் கத்துக்கிட்ட இடம் கொஞ்சம் விசித்திரம். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் வாஷிங்டன்ல அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில சில மாசம் வேலை. அங்கதான் செப்புத் தகட்டுல வரைபடம் கீறக் கத்துக்கிட்டார். கலிபோர்னியா கடலோரத்துல இருக்கற அனகாபா தீவைக் கீறச் சொன்னா, மேல பறவைக் கூட்டத்தையும் சேர்த்து வெச்சார். இவரை எந்த ஆபீஸ் தாங்கும்?

[திரையில்: தகடு, ஊசி, அமிலத் தட்டு]

சரி, இருட்டு எப்படி வந்துச்சு? செப்புத் தகட்டு மேல மெழுகு கலந்த பூச்சு. அதுல ஊசியால கீறினா, கீறின இடத்துல மட்டும் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்துல போட்டா அந்த இடத்தை மட்டும் அரிக்கும். ரொம்ப நேரம் விட்டா பள்ளம் ஆழமாகும். மை நிறைய பிடிக்கும். கோடு கறுப்பா விழும். அந்தக் கோடுகளை நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா போட்டா நிழல்.

[திரையில்: விளக்கு வெளிச்சம் விழும் சுவர், நெருக்கத்தில்]

இங்க பாருங்க. வெளிச்சத்தை யாரும் வரையல. அது வெறும் காகிதம். சுத்தி இருக்கற கோடுங்கதான் அதை எரிய வைக்குது.

சாவெர்னுக்குப் போன அந்தப் பயணத்துல, ஜெர்மனியோட கொலோன் நகரத்துக்குப் போறப்போ கைக்காசு தீர்ந்துபோச்சு. கீறின தகடுகளை விடுதிக்காரர்கிட்ட அடகு வெச்சுட்டுக் கிளம்பினார். நல்லவேளை, பின்னாடி மீட்டுட்டார். அதே வருஷம் பாரிஸ்ல ஓகுஸ்த் தெலாத்ர் அச்சகத்துல 12 எட்சிங் கொண்ட தொகுப்பு வெளிவந்துச்சு. இந்தத் தெருவும் அதுல ஒண்ணு. தேம்ஸ் நதியோட ராத்திரிகளை அவர் ஓவியமா தீட்டினது 1870-கள்ல. அதுக்கெல்லாம் முன்னோடி இதுதான்னு எனக்குத் தோணுது.

அச்சடிக்கறதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. மை தடவின பிறகு தகட்டைத் துணியால துடைப்பாங்க. சுத்தமா துடைச்சா கோடு மட்டும் பளிச்சுன்னு வரும். லேசா மை விட்டுவெச்சா தெரு முழுக்க மங்கல் படியும். அதனால இதை அருங்காட்சியகத் தளங்கள்ல தேடறவங்க ஒரு பிரதியோட நிறுத்தாதீங்க, ரெண்டு மூணை ஒப்பிட்டுப் பாருங்க.